டி.ஐ.எஸ்.ஸா, எச்.எல்.ஏ.வா? மதுரையில் சிமுலேட்டர் செய்யும் சிறு குழு எதை எடுப்பது

டாங்கி ஓட்டப் பழகுபவருக்கு ஒரு கேபின், ட்ரோன் இயக்குபவருக்கு ஒரு மேசை, தளபதிக்கு ஒரு வரைபடத் திரை. மூன்றும் தனித்தனிக் கணினிகள். மூன்றுக்கும் மென்பொருள் எழுதியவர்கள் வேறு வேறு ஆட்கள். ஆனால் பயிற்சி தொடங்கினால் மூன்றும் ஒரே களத்தில் இருந்தாக வேண்டும். கேபினில் இருப்பவர் டாங்கியை யானைமலைக்குக் கிழக்கே கொண்டுபோய் நிறுத்தினால், நாகமலைப் பக்கமிருந்து தாழப் பறந்துவரும் ட்ரோனின் திரையிலிருந்து அது மறைய வேண்டும், அதுவும் அந்த நொடியிலேயே. இந்தக் கணினிகள் தங்களுக்குள் எந்த மொழியில் பேசிக்கொள்வது? கல்லூரி ஆய்வகங்களிலிருந்தும் இலந்தைகுளம், வடபழஞ்சி ஐ.டி. பூங்காக்களிலிருந்தும் இந்தத் துறைக்குள் வர நினைக்கும் எந்தச் சிறு குழுவும் முதலில் தீர்க்க வேண்டியது இதைத்தான்.

இதற்கென்று உள்ள பொதுத் தரநிலைகளில் முக்கியமானவை இரண்டு: டி.ஐ.எஸ். (டிஸ்ட்ரிபியூட்டட் இன்டராக்டிவ் சிமுலேஷன்), எச்.எல்.ஏ. (ஹை லெவல் ஆர்க்கிடெக்சர்). என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் சிமுலேட்டர் வெளியே மற்றவற்றோடு பேச டி.ஐ.எஸ். எடுங்கள். எச்.எல்.ஏ.வை இரண்டே சூழ்நிலையில் எடுங்கள்: வாங்குபவர் எழுத்தில் கேட்டால், அல்லது கடிகாரத்தைவிட வேகமாகவோ மெதுவாகவோ சிமுலேஷனை ஓட்டியாக வேண்டும் என்றால். சொந்தப் புரோட்டோகால், அதாவது நீங்களே வகுக்கும் பேச்சுமுறை, வேண்டாம்.

இப்படிச் சொல்ல நம் ஊரின் நிலைமையும் ஒரு காரணம். தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடம் 2019 ஜனவரியில் தொடங்கியபோது அதன் மையங்களாகக் குறிக்கப்பட்டவை சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி. மதுரை அதில் இல்லை. அதனால் இங்கே ஒரு குழு செய்யும் சிமுலேட்டர் பெரும்பாலும் வேறு யாரோ, வேறு ஊரில் நடத்தும் பயிற்சியில் போய்ச் சேரும் ஒரு பெட்டியாகத்தான் இருக்கும். அந்த அரங்கில் நமக்குக் கிடைக்கும் நேரம் குறைவு. ஏதாவது இணையவில்லை என்றால் தவறு எந்தப் பக்கம் என்று அங்கேயே, கையிலிருக்கும் லேப்டாப்பைக் கொண்டு காட்டத் தெரிய வேண்டும். ஒரு தரநிலையை எடைபோட எனக்கு இதுதான் முதல் அளவுகோல்.

சொந்தமாக எழுதிக்கொண்டால் என்ன?

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். ஜேசன் என்ற எழுத்து வடிவில் இடம், திசை, வேகம் மூன்றையும் போட்டு வெப்சாக்கெட் என்ற இணைப்பில் அனுப்பினால் ஒரு வாரத்தில் திரையில் வண்டி ஓடும். கல்லூரி விழாவில் காட்ட அது போதும். சிக்கல் அப்புறம்தான் வருகிறது. மூன்று குழுக்கள் மூன்று சொந்த மொழி வைத்திருந்தால் மொழிபெயர்ப்பு நிரல் மூன்று வேண்டும். ஆறு குழுக்கள் என்றால் பதினைந்து. தவிர, வெப்சாக்கெட் டி.சி.பி. என்ற கடத்தும் முறையின் மேல் ஓடுவது. வழியில் ஒரு பாக்கெட் (செய்தித் துண்டு) தொலைந்தால், அது திரும்ப வரும்வரை பின்னால் வந்த புதிய பாக்கெட்டுகளெல்லாம் காத்திருக்கும். டாங்கி அரை நொடிக்கு முன்னால் எங்கே இருந்தது என்பது யாருக்கும் தேவையில்லாத செய்தி. அதற்காகப் புதிய செய்தியைக் காக்கவைக்கிறோம். தொலைந்தது தொலையட்டும், அடுத்ததைக் கொடு என்பதுதான் இந்த வேலைக்குச் சரியான குணம். டி.ஐ.எஸ். அந்தக் குணத்தோடுதான் பிறந்தது.

டி.ஐ.எஸ்.: கம்பியில் ஓடுவதைக் கண்ணால் பார்க்கலாம்

இதன் வேர் சிம்நெட். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி அமைப்பான டார்பா 1983-ல் தொடங்கிய திட்டம் அது. டாங்கி சிமுலேட்டர்களை நெட்வொர்க்கில் இணைத்து, வீரர்களை ஒரே களத்தில் ஒருவரையொருவர் எதிர்த்துப் போரிட வைத்தார்கள். அதில் கற்றதைப் பொதுத் தரநிலையாக்க 1989-ல் கூட்டங்கள் தொடங்கின. 1993-ல், பொறியாளர் அமைப்பான ஐ.இ.இ.இ.யின் 1278-ஆம் தரநிலையாக அது வெளிவந்தது. 1995-லும் 1998-லும் வளர்ந்து, 2012-ல் ஏழாம் பதிப்பாக நிற்கிறது.

டி.ஐ.எஸ். நிர்ணயிப்பது பாக்கெட்டின் வடிவத்தை. எந்த பைட்டில் எது இருக்க வேண்டும் என்பது வரை. ஒவ்வொரு செய்திக்கும் பி.டி.யூ. என்று பெயர். ஒரு வண்டியின் நிலையைச் சொல்லும் பி.டி.யூ. குறைந்தது 144 பைட். டாங்கியின் கோபுரம் (மேலே சுழலும் பகுதி) திரும்புவதையும் பீரங்கிக் குழாய் ஏறி இறங்குவதையும் சேர்த்துச் சொன்னால் கூடுதலாக 32 பைட். சுடுவதற்கு ஒன்று, குண்டு வெடிப்பதற்கு ஒன்று, மோதலுக்கு ஒன்று, வானொலிக்கு என்று தனித்தனியே உண்டு. எல்லாம், தொலைந்ததைத் திரும்பக் கேட்காத யு.டி.பி. என்ற முறையில் போகிறது. நடுவில் சர்வர் கிடையாது. யாரிடமும் உரிமம் வாங்க வேண்டியதில்லை. நெட்வொர்க்கில் ஓடுவதைக் காட்டும் வயர்ஷார்க் என்ற நிரலைத் திறந்தால் ஒவ்வொரு புலத்தையும் பிரித்துக் காட்டும். கலிபோர்னியாவின் மான்டரேயில் உள்ள கடற்படை முதுநிலைக் கல்லூரியிலிருந்து வந்த ஓப்பன் டி.ஐ.எஸ். நூலகம் ஜாவா, சி பிளஸ் பிளஸ், பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் நான்கிலும் இலவசமாகக் கிடைக்கிறது. அன்ரியல், யூனிட்டி என்ற முப்பரிமாண விளையாட்டு எஞ்சின்கள் இரண்டுக்கும் டி.ஐ.எஸ். செருகுநிரல்கள் இருக்கின்றன. மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர் முதல் பி.டி.யூ.வை அனுப்பி, அதை வயர்ஷார்க்கில் பார்த்துவிட முடியும். இதைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. கற்றுக்கொள்ளும் இடத்தில், என்ன நடக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிவதுதான் பாதி வேலை.

இதன் மூளை டெட் ரெக்கனிங், அதாவது அடுத்த இடத்தைக் கணித்துக்கொள்வது. ஒவ்வொரு பி.டி.யூ.விலும் இடத்தோடு வேகமும் முடுக்கமும் போகின்றன. வாங்கும் கணினி அதை வைத்து, அடுத்த செய்தி வரும்வரை வண்டியைத் தானே நகர்த்திக்கொள்ளும். அனுப்பும் கணினியும் தனக்குள் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கும். உண்மை இடமும் கணித்த இடமும் 1 மீட்டருக்கு மேல் விலகினாலோ, திசை 3 டிகிரிக்கு மேல் மாறினாலோதான் புதுச் செய்தி அனுப்பும். இந்த எண்கள் தரநிலையின் இயல்பு அளவுகள்; பேசி மாற்றிக்கொள்ளலாம். மேலூர் சாலையில் நேராக, சீரான வேகத்தில் ஓடும் வண்டி ஏறக்குறைய எதுவும் சொல்லாமலே ஓடும். மாசி வீதியில் மூலைக்கு மூலை திரும்பும் வண்டி நிறையப் பேசும். ஒன்றுமே மாறாவிட்டாலும் 5 நொடிக்கு ஒருமுறை 'இருக்கிறேன்' என்று ஒரு செய்தி போகும். 12 நொடி சத்தமில்லாவிட்டால் மற்றவர்கள் அந்த வண்டியைக் களத்திலிருந்து எடுத்துவிடுவார்கள்.

அந்த 12 நொடி விதி நம் ஊருக்கு நன்றாகப் பொருந்துகிறது. பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் நாளில் யு.பி.எஸ். இல்லாத ஒரு கணினி அணைந்தால், அதன் வண்டி மட்டும் மறையும். மற்றவர்களின் பயிற்சி நிற்காது. கணினி திரும்ப வந்ததும் யாரிடமும் அனுமதி கேட்காமல் களத்தில் சேர்ந்துகொள்ளலாம்.

சரி, இதன் பலவீனங்கள்? முதலாவது அளவு. நூறு டாங்கிகள் நொடிக்கு ஐந்து முறை பேசினால், தலைப்புகளையும் சேர்த்து ஒரு மெகாபிட்டுக்குள் அடங்கிவிடும். பத்தாயிரம் டாங்கி என்றால் 80 மெகாபிட். கம்பி அதைத் தாங்கும். ஆனால் ஒவ்வொரு செய்தியும் எல்லாக் கணினிகளுக்கும் போகும் பிராட்காஸ்ட் முறை என்பதால், பக்கத்திலிருக்கும் நாலு வண்டி மட்டும் தேவைப்படும் கணினியும் நொடிக்கு ஐம்பதாயிரம் பாக்கெட்டைப் பிரித்துப் பார்த்துத் தள்ள வேண்டும்.

இரண்டாவது, பிராட்காஸ்ட் ரவுட்டரைத் தாண்டாது. டெல்லியிலிருந்து ஒரு தளம் சேர வேண்டும் என்றால் வி.பி.என்., மல்டிகாஸ்ட் அல்லது நடுவில் நின்று கடத்தும் கேட்வே என்று ஏதாவது தேவை. வைஃபையில் பிராட்காஸ்ட் பாக்கெட் மிகக் குறைந்த வேகத்தில் போகும். தொலைந்தால் திரும்ப அனுப்பப்படவும் மாட்டாது. அதனால் ஆய்வகத்தில் ஒரு சுவிட்ச் வாங்கி, கேபிள் இழுத்து, கல்லூரி நெட்வொர்க்கிலிருந்து தனியாகப் பிரித்து வையுங்கள். அது பாதுகாப்புக்கும் நல்லது. டி.ஐ.எஸ்.ஸில் கடவுச்சொல்லோ குறியாக்கமோ கிடையாது. அதே நெட்வொர்க்கில் இருக்கும் எந்த லேப்டாப்பும் 'சுட்டுவிட்டேன்' என்று ஒரு செய்தியை அனுப்ப முடியும்.

மூன்றாவது, இடத்தைச் சொல்லும் முறை. டி.ஐ.எஸ். அட்சரேகை, தீர்க்கரேகையில் பேசுவதில்லை. பூமியின் மையத்திலிருந்து மூன்று அச்சுகளில் மீட்டர் கணக்கில் பேசுகிறது. மதுரை அந்தக் கணக்கில் ஏறத்தாழ 1,293 கி.மீ., 6,149 கி.மீ., 1,092 கி.மீ. என்ற புள்ளி. நம்மூரில் 'மேலே' என்பது பெரும்பாலும் இரண்டாம் அச்சின் திசையில்தான் வரும். அறுபது லட்சம் மீட்டர் என்ற எண்ணை 32 பிட் தசமத்தில் வைத்தால் அரை மீட்டருக்குக் குறைவான நகர்வு பதிவாகாது. நிற்கிற டாங்கி நடுங்கும், ஓடுகிற டாங்கி தத்தித் தத்திப் போகும். இதனால்தான் தரநிலை 64 பிட் கேட்கிறது. யூனிட்டியின் இடக்கணக்கு 32 பிட். அன்ரியல் ஐந்தாம் பதிப்பிலிருந்து 64 பிட்டுக்கு மாறிவிட்டது. யூனிட்டி வைத்திருப்பவர்கள், மதுரைக்குப் பக்கத்தில் ஓர் உள்ளூர் மூலப்புள்ளியை வைத்து, 64 பிட்டிலேயே கழித்துவிட்டு, மிச்சத்தை மட்டும் எஞ்சினுக்குக் கொடுக்க வேண்டும்.

எச்.எல்.ஏ.: நேரத்தைக் கையில் பிடிப்பது

1990-களின் நடுவில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்கு வேறொரு தேவை வந்தது. ஒரு டாங்கியை ஓட்டுகிற சிமுலேட்டரும், ஒரு படைப்பிரிவின் நான்கு நாள் எரிபொருள் கணக்கைப் போடும் சிமுலேஷனும் ஒன்றாக ஓட வேண்டும். கடிகார நேரத்திலேயே ஓடும் டி.ஐ.எஸ்.ஸால் இது ஆகாது. அதிலிருந்து பிறந்தது எச்.எல்.ஏ. 1998-ல் 1.3 என்ற பதிப்பு, 2000-ல் ஐ.இ.இ.இ. 1516, 2010-ல் திருத்தம், 2025-ல் நான்காம் தலைமுறை என்று வளர்ந்திருக்கிறது. நேட்டோ நாடுகள் தங்களுக்குள் இதைத்தான் ஒப்பந்தத் தரநிலையாக வைத்திருக்கின்றன.

இதன் அமைப்பே வேறு. பாக்கெட் எப்படி இருக்க வேண்டும் என்று 2010 பதிப்புவரை இது சொல்லவில்லை. நிரல் எந்தச் சேவையை எப்படி அழைக்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறது. நடுவில் ஆர்.டி.ஐ. என்ற மென்பொருள் உட்கார்ந்து எல்லாவற்றையும் கடத்துகிறது. சேர்ந்து ஓடும் மொத்தக் கூட்டம் ஃபெடரேஷன். அதில் ஒவ்வொரு நிரலும் ஒரு ஃபெடரேட். களத்தில் என்னென்ன பொருட்கள், அவற்றுக்கு என்னென்ன பண்புகள் என்பதை எஃப்.ஓ.எம். என்ற கோப்பில் எழுதி எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும். டி.ஐ.எஸ். அறிந்த உலகத்தையே எச்.எல்.ஏ.வுக்குள் கொண்டுவர ஆர்.பி.ஆர். எஃப்.ஓ.எம். என்ற ஆயத்த மாதிரி இருக்கிறது. அதன் இரண்டாம் பதிப்பு 2015-ல் வந்தது.

உண்மையான பலம் நேர நிர்வாகத்தில் இருக்கிறது. ஒவ்வொரு ஃபெடரேட்டும் 'பத்தாவது நிமிடத்துக்குப் போகலாமா' என்று கேட்கும். அதற்கு முந்தைய நேரத்துக்கான செய்தி இனி எவரிடமிருந்தும் வராது என்று உறுதியானபின் ஆர்.டி.ஐ. 'போ' என்று சொல்லும். இதற்காக ஒவ்வொருவரும் 'இப்போதிலிருந்து இவ்வளவு நேரத்துக்குள் முத்திரையிட்ட எந்தச் செய்தியும் நான் அனுப்பமாட்டேன்' என்று முன்கூட்டியே வாக்குக் கொடுக்க வேண்டும். அந்த இடைவெளிக்கு லுக்அஹெட் என்று பெயர். அது பெரிதாக இருந்தால் எல்லோரும் வேகமாக ஓடலாம். பூஜ்யத்துக்கு அருகே போனால் ஒவ்வோர் அடிக்கும் எல்லோரும் எல்லோருக்காகவும் நிற்பார்கள். நான்கு நாள் கணக்கை இருபது நிமிடத்தில் ஓட்டிப் பார்ப்பதும், செய்திகளை ஒவ்வொரு முறையும் அதே வரிசையில் கொடுத்து முடிவுகளை ஒப்பிடுவதும் இந்த முறையால்தான் சாத்தியமாகிறது. ஆராய்ச்சிக்கு வேண்டியது இதுதான்; டி.ஐ.எஸ்.ஸில் இதற்கு வழியே இல்லை. தேவையான பகுதியின் செய்தியை மட்டும் வாங்கிக்கொள்ளும் வசதியும், பத்தாயிரம் டாங்கி என்கிற அளவுக்குப் போகும்போது பெரிதும் கைகொடுக்கும்.

விலை எங்கே? இரண்டு நிறுவனங்களின் ஆர்.டி.ஐ.க்கள் பொதுவாக ஒன்றோடொன்று பேசாது. ஆகவே பயிற்சியில் எல்லோரும் ஒரே நிறுவனத்தின் மென்பொருளை வைத்திருக்க வேண்டும். நீங்கள் ஒன்றை வாங்கிப் பழகியிருக்க, பயிற்சி நடத்துபவர் இன்னொன்றை வைத்திருந்தால், உங்கள் நிரலை அதோடு திரும்ப இணைத்து முதலிலிருந்து சோதிக்க வேண்டும். ஸ்வீடனின் பிட்ச், அமெரிக்காவின் மேக் போன்ற வணிக ஆர்.டி.ஐ.க்களுக்கு உரிமக் கட்டணம் உண்டு. திறந்த மூலத்தில் பிரான்ஸின் ஒனேரா தந்த செர்ட்டி, அப்புறம் போர்ட்டிகோ இருக்கின்றன. கற்க இவை நல்லவை. உங்களுக்கு வேண்டிய பதிப்பும் சேவையும் அதில் உள்ளதா என்று ஒரு சிறு நிரல் எழுதிப் பார்த்துவிட்டு நம்புங்கள்.

மின்சாரக் கதை இங்கே தலைகீழாகிறது. நேரத்தைக் கட்டுப்படுத்தும் ஃபெடரேட்டுகளில் ஒன்று சொல்லிக்கொள்ளாமல் அணைந்தால், அது கொடுத்த வாக்கு அந்தரத்தில் நிற்கும். மற்றவர்கள் 'போ' என்ற சொல்லுக்காகக் காத்திருப்பார்கள். தொடர்பு அறுந்த ஃபெடரேட்டைக் கையாள 2010 பதிப்பில் வழி சேர்த்திருக்கிறார்கள். ஆனால் அது தானாக நடந்துவிடாது, ஆர்.டி.ஐ.யில் அமைத்து, உங்கள் நிரலிலும் எழுதி, ஒரு கணினியின் வயரைப் பிடுங்கிச் சோதித்தாக வேண்டும்.

2025 பதிப்பு சில குறைகளைத் தொட்டிருக்கிறது. ஃபெடரேட்டுக்கும் ஆர்.டி.ஐ.க்கும் நடுவிலான புரோட்டோகாலையே தரப்படுத்தியிருக்கிறது. யார் சேரலாம் என்று அனுமதி சரிபார்க்கவும் இடம் தந்திருக்கிறது. நல்ல திசைதான். கருவிகளும் வாங்குபவர்களும் அந்தப் பதிப்புக்கு வந்துசேரும்வரை 2010 பதிப்பில்தான் பெரும்பாலான வேலை நடக்கும்.

இன்னும் சில பெயர்கள்

நிரல்களுக்கு நடுவே தரவைக் கடத்தும் பொதுத் தரநிலையான டி.டி.எஸ். பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். 2004-ல் ஓ.எம்.ஜி. அமைப்பு வெளியிட்டது. கம்பியில் ஓடும் வடிவமும் தரப்படுத்தப்பட்டிருப்பதால், வேறு வேறு நிறுவனங்களின் டி.டி.எஸ். ஒன்றோடொன்று பேசும். ரோபோ ஆட்களுக்கு ஆர்.ஓ.எஸ். 2 வழியாக ஏற்கெனவே பழக்கமானது. ஆனால் டாங்கி என்றால் என்ன, குண்டு வெடித்தால் எதைச் சொல்ல வேண்டும் என்று அதற்குத் தெரியாது. எல்லாவற்றையும் நீங்களே வரையறுக்க வேண்டும். எனவே கேபினுக்குள் ஸ்டீயரிங், அதிர்வுத் தளம், பயிற்றுநர் திரை இவற்றைக் கட்ட டி.டி.எஸ். அருமை, கேபினுக்கு வெளியே பேச அதைக் கொண்டுபோகாதீர்கள். வரைபடத்தைப் பிரௌசரில் காட்டுவதாக இருந்தால் வெப்எல்.வி.சி.யைப் பாருங்கள்; ஜேசன், வெப்சாக்கெட் ஆசை உள்ளவர்களுக்கு அதுதான் முறையான வழி. டீனா அமெரிக்க ராணுவச் சோதனைக் களங்களுக்கானது. நம் தேர்வுப் பட்டியலில் அதற்கு வேலையில்லை.

எந்தத் தரநிலையும் தீர்க்காதது

யானைமலைக்குத் திரும்புவோம். டாங்கி கேபினில் மலையின் உயரத் தரவு 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. ட்ரோன் மேசையில் 90 மீட்டருக்கு ஒரு புள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். பாறையின் விளிம்பு இரண்டிலும் வேறு இடத்தில் இருக்கும். ஓட்டுபவர் தான் மறைந்துவிட்டதாக நம்புகிறார். ட்ரோன் அவரைத் தெளிவாகப் பார்க்கிறது. பாக்கெட்டுகள் எல்லாம் சரியாகப் போய்ச் சேர்ந்தன, தரநிலையில் ஒரு பிழையும் இல்லை, ஆனாலும் பயிற்சி நியாயமில்லாமல் போய்விட்டது. பயிற்சி பெறுபவர் தவறான பாடத்தைக் கற்றுக்கொண்டு போகிறார் என்பதுதான் இதில் எனக்கு உறுத்துவது. நிஜக் களத்தில் அந்தப் பாடத்துக்கு விலை உயிர். தரநிலை எது என்று விவாதிக்கும் நேரத்தில் பாதியையாவது, எல்லோரும் ஒரே நிலப்பரப்புத் தரவை வைத்திருக்கிறோமா என்று பார்க்கச் செலவிடுங்கள்.

தூரமும் அப்படித்தான். மதுரைக்கும் டெல்லிக்கும் நேர்கோட்டிலேயே 2,000 கி.மீ.க்கு மேல். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. போகும், ஒரு வழிக்கே குறைந்தது 10 மில்லிநொடி, நடைமுறையில் இன்னும் அதிகம். நெருக்கமாகப் பிணைந்த செயல்களுக்கு 100 மில்லிநொடி, தளர்ந்தவற்றுக்கு 300 என்று டி.ஐ.எஸ். எல்லை வைத்திருக்கிறது. மணிக்கு 40 கி.மீ. போகும் டாங்கி 100 மில்லிநொடியில் ஒரு மீட்டர் சொச்சம் நகரும். நொடிக்கு 250 மீட்டர் போகும் விமானம் 25 மீட்டர் நகர்ந்துவிடும். டாங்கிப் பயிற்சியை ஊர் தாண்டி இணைக்கலாம். அடுத்தடுத்துப் பறக்கும் விமானப் பயிற்சியைத் தொலைவில் பிரித்து வைப்பதற்கு முன் தாமதத்தை அளந்து பாருங்கள்.

யாருக்கு எது

டெண்டரிலோ விவரக்குறிப்பிலோ எச்.எல்.ஏ. என்று எழுதியிருந்தால் விவாதம் முடிந்தது. எந்தப் பதிப்பு, எந்த எஃப்.ஓ.எம்., எந்த ஆர்.டி.ஐ. என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். தளவாட ஆய்வு, பலமுறை ஓட்டி ஒப்பிடும் ஆராய்ச்சி என்றாலும் எச்.எல்.ஏ.தான், முனைவர் பட்ட மாணவர்கள் அதற்குச் செலவிடும் நேரம் வீண் போகாது.

மற்ற எல்லோருக்கும், அதாவது சில பத்துக் கணினிகளில் மனிதர்கள் உட்கார்ந்து கடிகார நேரத்தில் பயிற்சி பெறும் அமைப்புக்கு, டி.ஐ.எஸ்.தான் சரி. ஆனால் ஒரு நிபந்தனை. உங்கள் நிரலின் உள்ளே பி.டி.யூ.வை நேரடியாகப் பரப்பி வைக்காதீர்கள். வண்டி, ஆயுதம், வானொலி ஆகியவற்றின் உள் வடிவத்தை ஆர்.பி.ஆர். எஃப்.ஓ.எம். சொல்லும் பண்புகளின்படி அமைத்து, டி.ஐ.எஸ்.ஸை ஓரத்தில் ஒரு தனி அடுக்காக வையுங்கள். நாளை எச்.எல்.ஏ. கேட்டு ஒருவர் வந்தால் அந்த ஓரத்தை மட்டும் மாற்றினால் போதும், அல்லது கேட்வே ஒன்றை நடுவில் வைத்துக்கொள்ளலாம். முப்படைகளும் கடலோரக் காவல் படையும் சிமுலேட்டரை இன்னும் அதிகமாகப் பயன்படுத்த ஒரு வழிகாட்டுச் சட்டகத்தைப் பாதுகாப்பு அமைச்சகம் 2021 செப்டம்பரில் வெளியிட்டது. வாய்ப்புகள் கூடும் என்று நம்ப இடமிருக்கிறது. அப்போது எந்தப் பக்கமிருந்து கேள்வி வந்தாலும் பதில் சொல்லும் நிலையில் நம் பிள்ளைகள் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

இன்னொரு குழுவோடு இணைவதற்கு முன் இரண்டு பக்கமும் ஒரே தாளில் எழுதிக்கொள்ள வேண்டியவை: டி.ஐ.எஸ். பதிப்பு, யு.டி.பி. போர்ட், பயிற்சி எண், பங்கேற்கும் எந்த இடத்துக்கு எந்த எண், டெட் ரெக்கனிங் எல்லைகள், நேர முத்திரைக்குப் பொதுக் கடிகாரம் உண்டா இல்லையா, நிலப்பரப்புத் தரவின் பதிப்பு. வண்டி வகைகளுக்கான ஏழு எண் குறியீட்டுப் பட்டியலையும் அதில் சேர்க்கவும். முதல் எண் 1 என்றால் வாகனம் போன்ற ஒரு தளம். இரண்டாவது 1 என்றால் தரை, 2 என்றால் வான். மூன்றாவது நாடு, 225 என்றால் அமெரிக்கா. சிமுலேஷன் தரநிலைகளைக் கவனிக்கும் சைசோ அமைப்பு பராமரிக்கும் அந்தப் பட்டியலின் எந்தப் பதிப்பு என்பதையும் குறியுங்கள். நீங்கள் அனுப்பும் குறியீடு எதிர்ப்பக்கத்தின் பட்டியலில் இல்லை என்றால், உங்கள் டாங்கி அவர்கள் திரையில் வேறு வண்டியாகவோ வெறும் பெட்டியாகவோதான் தெரியும்.